பதினெட்டுக் கேள்விகளும் ஏழரை மணி லோஞ்சும்

மூதூருக்கு எப்படிப் போவது என்று இந்தப் பக்கத்தில் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். இப்போது பாலங்கள் வந்துவிட்டன, பஸ்ஸிலேயே போய் இறங்கலாம். நான் போனது 1974 பெப்ரவரியில். அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும்.

அப்போது கொழும்பில் நாங்கள் ஒன்பது பேர் ஒரு நிதிக்குழு வைத்திருந்தோம். ஏழைகள் சின்ன வழக்குகளில் அகப்பட்டு மறியலில், அதாவது சிறையில், கிடப்பதை மாற்ற உழைக்கும் ஊர்ச் சங்கங்களுக்கு உதவுவதுதான் வேலை. மூதூர்ச் சங்கம் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று, படகு வாடகை. "சட்டச் சீர்திருத்தத்துக்குப் படகு எதற்கு?" என்று குழுவில் இரண்டு கூட்டங்கள் முழுக்க வாதாடினார்கள். கடைசியில் நேரில் பார்த்து வா என்று என் கையில் பதினெட்டுக் கேள்விகள் கொண்ட படிவத்தைத் திணித்தார்கள்.

கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு ரயிலில் 183 மைல். மூன்றாம் வகுப்பில் பத்து ரூபாய் சொச்சம். காலை ஆறுக்கு வரவேண்டிய வண்டி எட்டேகாலுக்கு வந்தது. தரைவழியே மூதூர் போனால் ஆறுகளைக் கடக்க இடையிடையே மிதவைக்குக் காத்திருக்க வேண்டும். மிதவையை அங்கே 'பாதை' என்பார்கள். பாதையில் நிற்க எனக்குப் பொறுமை இல்லை. துறைமுகத்திலிருந்து குடாவைக் கடக்கும் பத்து மணி லோஞ்சில், அதாவது பயணிகள் மோட்டார்ப் படகில், ஏறினேன். ஒரு ரூபாய், ஒன்றேகால் மணி நேரம், இருக்கையில் ஈரம். குடாவில் காற்று அடங்கியிருக்கவில்லை.

இறங்குதுறையடியில் இடியப்பக் கடை வைத்திருந்த ரஹ்மத்தும்மாதான் சங்கத்தின் தலைவி. எனக்கு மீன் சோறு போட்டுவிட்டுத்தான் கதையைத் தொடங்கினார்.

"தம்பி, திருகோணமலைக் கோட்டுல பேர் கூப்பிடுறது ஒன்பதரைக்கு. லோஞ்சு ஏழரைக்கு. அதை விட்டா அடுத்தது பத்துக்கு. பேர் கூப்பிட்டு ஆள் இல்லாட்டி வாரண்டு. குத்தம் செஞ்சவனை விட லோஞ்சை விட்டவன்தான் மறியல்ல கூட."

சங்கத்துப் பெண்கள் வழக்குள்ளவர்களின் பெயரை ஒரு சிலேட்டில் எழுதிவைத்து, விடியற்காலையில் வீடு வீடாகப் போய் எழுப்பி லோஞ்சில் ஏற்றிவிடுவார்கள். அப்படியும் லோஞ்சைத் தவறவிடுகிறவர்களுக்காகத்தான் படகு. மூதூர் வழக்குகளைப் பதினொன்றரை மணிக்குப் பிறகு எடுக்கும்படி ஒரு மனுவும் கையெழுத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. இதைவிடத் தெளிவாக ஒரு காரியத்தை நான் கண்டதில்லை. ஆனால் படிவத்துக்கு அது போதாதே, 'பயனாளியின் வாக்குமூலம்' வேண்டுமாம்!

மறுநாள் சிலேட்டில் இருந்தவர் சம்பூர்க் கந்தையா. அனுமதி இல்லாமல் காட்டில் விறகு வெட்டிய வழக்கு. ஏற்கெனவே ஒருமுறை லோஞ்சை விட்டவர். இன்னொருமுறை விட்டால் பிணை போய்விடும். "பத்து நிமிஷம் போதும்" என்று அவரை ஆறேமுக்காலுக்குக் கடைக்கு வரச்சொன்னேன். வந்தார், கதிரையில் உட்கார்ந்தார்.

"சட்டத்தின் மீது உங்கள் நம்பிக்கை கூடியதா, குறைந்ததா?"

"ஓம் ஐயா."

எதற்கு ஆம் என்கிறார்? நான் விடவில்லை, திருப்பித் திருப்பிக் கேட்டேன். ரஹ்மத்தும்மா எட்டிப் பார்த்து, "தம்பி, தேத்தண்ணி ஆறுது" என்றார். குடிக்கிறேன் என்றேன். பதின்மூன்றாவது கேள்வியில் மறுபடியும் வந்து, "தேத்தண்ணி ஆறுது தம்பி" என்றார். லோஞ்சு ஊதியது. இன்னொருமுறை ஊதும் என்று நினைத்தேன். ஊதவில்லை.

"ஏன், ராத்தா, சொல்லவில்லை?" என்று ரஹ்மத்தும்மாவைப் பார்த்துக் கத்தினேன்.

"ரெண்டு தரம் சொன்னேனே! வீட்டுக்கு வந்த ஆளை எழும்பு எண்டு வேற எப்பிடிச் சொல்றது?"

கந்தையாவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஐயா எழுதிக்கொண்டிருந்தனீங்கள். இடையில எழும்பினா சங்கத்துக்குக் காசு கிடையாமப் போயிடுமோ எண்டு இருந்தனான்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. தேவையா என்று நான் சோதிக்க வந்த அதே படகை, என் சொந்தக் காசு இருபத்தைந்து ரூபாய் கொடுத்துப் பிடித்தோம். பெற்றோல் தேடி எடுக்கவே எட்டேகால் ஆகிவிட்டது. எதிர்க்காற்று வேறு. ஒன்பதே ஐம்பதுக்கு நீதிமன்ற வாசலை மிதித்தோம்.

"இப்பதான் கூப்பிட்டது, மூண்டு தரம்" என்றார் வாசலில் நின்ற சேவகர்.

கந்தையாவுக்குப் பதினான்கு நாள் மறியல். போகும்போது என்னிடம், "படிவம் முடிஞ்சுதோ ஐயா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்தது.

கூட வந்த ரஹ்மத்தும்மா மடித்துவைத்திருந்த மனுவை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீங்களும் ஒரு கையெழுத்து வைங்க தம்பி. நீங்களும் இண்டைக்கு லோஞ்சை விட்ட ஆள்தானே."

வைத்தேன். குழு நிதியை ஒரே கூட்டத்தில் நிறைவேற்றியது. கந்தையாவின் வாக்குமூலம் உயிரோட்டமாக இருக்கிறது என்று எல்லோரும் மெச்சினார்கள். அப்போது அவர் உள்ளேதான் இருந்தார்.

போகிறவர்களுக்கு: மாசி கழிந்த பிறகு போங்கள், கடல் கொஞ்சம் அடங்கியிருக்கும். உதவி செய்யப் போகிறவர்கள் கேள்விகளைத் தபாலில் அனுப்பிவிடுங்கள். யாராவது தேத்தண்ணி ஆறுகிறது என்று சொன்னால், முதல் தரத்திலேயே எழும்பிவிடுங்கள்.