மூன்றாவது ஓலை

பூசை லத்தீனில் நடந்த காலம். கல்யாண ஓலை மட்டும் தமிழில் வாசிப்பார்கள். அதனால் எங்கள் மாதா கோவிலில் சனங்கள் விழித்துக்கொள்வது அப்போதுதான். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் வந்து சொல்ல வேண்டும் என்று மூன்று ஞாயிறு அறிவிப்பார்கள். என் அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு சொல்லுகிற பேச்சா இது?

எங்கள் பேட்டை ஜீவனஹள்ளியில் எல்லோரும் பொழுதுபோக்காகக் கோள் சொன்னார்கள். அம்மா அதைக் கடமையாகச் செய்தாள். எங்கள் வரிசையில் மூன்றாம் வீட்டு அக்காவுக்கு ஓலை வாசித்தபோது, பேண்டு வாசிக்கிற ஒருவனோடு அவள் சிரித்துப் பேசியதைச் சாமியாரிடம் போய்ச் சொன்னாள். அவர் விரட்டிவிட்டார். விட்டாளா? நேராக மாப்பிள்ளை வீட்டுக்கே போனாள். கல்யாணம் ஆறு மாதம் தள்ளிப்போனது; முடிந்த பிறகும் அக்கா புருஷனோடு அதே மூன்றாம் வீட்டில்தான் இருந்தாள்.

அடுத்த வருடம் எனக்கு ஓலை. நானோ தையல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளையோடு மேட்னி ஷோ போனவள். இடைவேளையில் திரும்பினால் பின்வரிசையில் அதே அக்கா! என் வருங்கால மாமியார் காதில் விழுந்தால் கல்யாணம் அவ்வளவுதான். அம்மாவுக்கு மேட்னி விஷயம் தெரியாது. தான் செய்த காரியம் தெரியுமே. தினமும் மூன்றாம் வீட்டுக்கு மீன் குழம்பு போனது.

மூன்றாவது ஞாயிறு, பூசை முடிந்ததும் அக்கா விறுவிறுவென்று சாமியார் வீட்டுக்குள் போனாள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பத்து நிமிடம் கழித்து அக்கா வெளியே வந்தாள்.

"இன்னா கண்ணு சொன்னே?" என்றாள் அம்மா.

"பேஜாராவாதீங்க ஆன்ட்டி. உங்க பொண்ணப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. உங்களப் பத்திதான் சொன்னேன். இப்பேர்ப்பட்ட வாய் அந்த மாப்பிள்ளைக்கு மாமியாரா வர்றது தடையில்லியா சாமின்னு கேட்டேன்."

"அவரு இன்னா சொன்னாரு?"

"தடையில்லியாம். சிலுவையாம்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே போனாள். எனக்கு உயிர் வந்தது. அம்மாவுக்கோ, வாழ்நாளில் முதல் தடவையாக, யாரிடமும் சொல்ல முடியாத ஒரு செய்தி கிடைத்திருந்தது.

நான் சொன்னேன். சாயங்காலத்துக்குள் பக்கத்துப் பேட்டை காக்ஸ் டவுன் வரைக்கும் போய்விட்டது.