கோப்பியில் கலந்த மருந்து

தனக்கு யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று அண்ணன் சொல்லத் தொடங்கியபோது நாங்கள் பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எழுபதுகளின் நடுப்பகுதி. பால் வெட்டப் போனவர் வாளியைப் போட்டுவிட்டுப் பாதியிலேயே ஓடிவருவார். மரத்துக்குப் பின்னாலிருந்து யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பார். மருத்துவமனையில் ஸ்கிசோஃப்ரினியா என்றார்கள்.

முதலில் குளோர்புரோமசின் கொடுத்தார்கள். குரல்கள் அடங்கின. ஆனால் பகலெல்லாம் தூங்கினார். கொஞ்சம் வெயில் பட்டாலே முகம் சிவந்து எரிந்தது.

"என்னைய வேலைக்குப் போகவிடாமப் பண்ணத்தான் இதைக் குடுக்கிறாங்க," என்றார். மாத்திரையை நாக்குக்கடியில் ஒளித்துவைத்துக் கொல்லையில் துப்பினார்.

டாக்டர் ஹாலோபெரிடாலுக்கு மாற்றினார். தூக்கம் தெளிந்தது. பதிலுக்குக் கழுத்து இழுத்துக்கொண்டது. உட்கார முடியாமல் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தார். அதையும் விழுங்குவதை அண்ணன் நிறுத்திவிட்டார்.

ஈப்போவுக்குக் குடிவந்த பிறகு நான் யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். அந்த மாத்திரையைப் பொடித்து அவர் கோப்பியில் கலந்தேன். இரண்டு மாதம் நடந்தது. ஒரு காலை அவர் தன் கோப்பையை என் பக்கம் தள்ளினார்.

"நீ குடி."

நான் தொடவில்லை.

"ஏன், கசக்குமா?"

"மருந்துதான் அண்ணே."

"அப்ப நான் சொன்னது சரிதான் லா. கலக்குறாங்கன்னு சொன்னேன்ல."



அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது அவர் முன்னாலேயே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் என்னைத்தான் கடிந்துகொண்டார். பிறகு அண்ணனிடம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் ஃபுளூஃபெனசின் ஊசி இருக்கிறது என்றார். அண்ணன் மருந்துக் குப்பியை வாங்கி, பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இதைச் சோத்துல கலக்க முடியாதுல்ல?"

"முடியாது."

"அப்பப் போடுங்க."

ஊசியும் சுகமாக இல்லை. கை நடுங்கியது, முகம் விறைத்தது. அதற்கென்று வேறு மாத்திரை கொடுத்தார்கள். ஆனால் மருந்து எப்போது உடம்பில் ஏறுகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அது அவருக்குப் போதுமானதாக இருந்தது. எண்பதுகளில் தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் காவல் வேலைக்குச் சேர்ந்தார்.

சந்தேகம் பிறகு என்னிடம்தான் தங்கியது. லீவில் வரும்போது அவர் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தாலும், பேசாமல் இருந்தாலும், ஊசியைத் தவறவிட்டாரோ என்று முகத்தையே பார்ப்பேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஊசி போட்ட தேதி எழுதிய அட்டையை எடுத்து நீட்டுவார்.

"பாத்துக்க," என்பார்.

வெட்கமாக இருக்கும். ஆனாலும் வாங்கிப் பார்ப்பேன்.