புவனேஸ்வரி அக்கா கொண்டுவந்த குளிர்

"புவனேஸ்வரி அக்கா போயிட்டா" என்று வட்டுக்கோட்டையிலிருந்து சிவபாலன் தொலைபேசியில் சொன்னார். லண்டனில், மகளின் வீட்டில், நித்திரையிலேயே. பிறகு அவர், "செயலாளரே, இனிச் சங்கக் கூட்டம் வைக்க ஆள் காணாது. விதிப்படி மூண்டு பேர் வேணுமெல்லே" என்றார். பகிடியாகச் சொல்லத்தான் முயன்றார்.

யாழ்ப்பாணத்தில் தாழ்வெப்பநிலைப் பௌதிகச் சங்கம் என்று ஒன்று இருந்ததை அறிந்தவர்கள் இன்று அதிகமில்லை. எண்பத்து மூன்று இனக்கலவரத்துக்குப் பிறகு கொழும்பை விட்டுத் திரும்பிய ஆய்வாளர்கள் சிலரை அக்காதான் ஒன்றுசேர்த்தார். ஈலியம் என்கிற ஹீலியம் வாயுவைத் திரவமாக்கி ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் பெற்றவர் அவர். நல்லூரில் அவர் வீட்டு விறாந்தையில் மாதம் ஒருமுறை கூடுவோம். நான் செயலாளர்; போகப் போக மிஞ்சியது அக்கா, சிவபாலன், நான் என மூவரே.

"பிறிஜ்ஜுக்கே கரண்ட் இல்லாத ஊரிலை குளிருக்கு ஒரு சங்கம்" என்பார் சிவபாலன்.

"பசியிலைதான் சோத்தைப் பற்றி வடிவாய்க் கதைக்கலாம். நீர் கட்டுரையை வாசியும்" என்பார் அக்கா.

திரவ நைதரசனின் குளிரிலேயே மின்தடையை முற்றாக இழக்கும் பீங்கான் போன்ற புதிய பொருளைப் பற்றிய செய்தி வந்தபோது, அந்த நினைப்பிலேயே மகள் சாப்பிடுகிறாளில்லை என்று அக்காவின் தாயார் எங்களிடம் முறையிட்டார். ஈலியம் எங்களுக்கு எட்டாது. நைதரசன் கொழும்பில் கிடைக்கும். அந்தப் பொருளில் சிறு வில்லையொன்றை நாங்கள் மூவருமாகச் சுட்டெடுத்தோம். அதன் தடை மறைவதைத் தன் கண்ணால் காணவேண்டும் என்பதே அக்காவின் ஆசை.

நைதரசன் கொண்டுவர அவருடன் நானும் போனேன். குடுவைக்குள் அது வழியெல்லாம் கொதித்துக்கொண்டே வரும். ஆவி வெளியேற மூடி தளர்வாக இருக்கவேண்டும். ஒரு சென்றியில், இராணுவச் சோதனைச் சாவடியில், வெண்புகையைக் கண்ட சிப்பாய், மூடியை இறுக்கச் சொன்னார். இறுக்கினால் வெடிக்கும். அந்தச் சொல்லை அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? பயத்தில் என் கை மூடியை நோக்கிப் போனது.

"கையை எடும்" என்றார் அக்கா மெதுவாக. பிறகு சிப்பாயிடம் ஆங்கிலத்தில், சோற்றுப்பானையை இறுக்கி மூடியா உலை வைப்பீர்கள் என்று கேட்டார். சிப்பாய் குடுவையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்துத் திகைத்தார். கொதிப்பது எப்படிக் குளிரும்? அதிகாரி வந்தார், மற்றவர்களும் வந்தார்கள். அக்கா அனைவருக்கும் விளக்கினார். ஒவ்வொருவருக்காகவும் மூடி திறக்கப்பட்டது. வெயில் ஏறியது.

"நல்ல வகுப்பு. ஆனால் பாதி நைதரசனைத் திண்டுபோட்டுது" என்றார் அக்கா, அவர்கள் எங்களைப் போகவிட்டபின்.

மிச்சமும் வழியில் கொதித்துப்போக, வீடு சேர்ந்தபோது குடுவையின் அடியில் விரற்கிடை திரவமே மிஞ்சியிருந்தது. குடுவையைச் சரித்துப் பிடித்தால்தான் வில்லை நனையும்; பிடிப்பவரால், வில்லையின் தடையைக் காட்டும் கல்வனோமானியின் முள்ளைப் பார்க்க முடியாது. மின்னோட்டம் தரும் பற்றரியைச் சிவபாலன் பார்த்துக்கொண்டார்.

"நான் பிடிக்கிறன் அக்கா. நீங்கள் முள்ளைப் பாருங்கோ" என்றேன்.

"உம்மடை கை நடுங்கும். நீர் பாரும்."

கல்வனோமானியின் முள் மெல்ல இறங்கியது. பிறகு ஒரேயடியாக விழுந்து நின்றது.

"எங்கை நிக்குது?"

"பூச்சியம் போலை, அக்கா."

"போலையோ?"

"பூச்சியம்."

"கம்பி கழண்டாலும் பூச்சியம்தான் காட்டும். திரும்பி வருதோ பாப்பம். திரும்பி வந்தால்தான் போனது உண்மை."

திரவம் தீர்ந்தது. குடுவையை வைத்துவிட்டு, கையுறையுடனேயே வந்து என்னருகில் நின்றார். முள் அசைந்தது, மேலே ஏறியது. கம்பி கழன்றிருக்கவில்லை. அக்கா கண்டது அந்த ஏற்றத்தை மட்டுமே.

"காணும், இவ்வளவு போதும்" என்றார். "அடுத்தமுறை நான் பாக்கிறன்."

அடுத்தமுறை வரவில்லை. தொண்ணூறில் போரால் கொழும்புப் பாதை மூடியது. தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்தது. அக்கா பிறகு லண்டன் போனார். தொலைபேசியில் முதற்கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "நைதரசன் கிடைக்குதோ?" கிடைக்கத் தொடங்கியதும், "வாங்கோ அக்கா" என்றேன். "வாறன், வாறன்" என்றார். முழங்கால் விடவில்லை.

கடைசியாகக் கதைத்தபோது கேட்டார்: "அண்டைக்கு உண்மையிலை பூச்சியமோ?"

"ஓம் அக்கா."

"அப்ப சரி. நானும் கண்டதுதான்."

தானே பாராத எந்த அளவீட்டையும் அவர் ஏற்றதில்லை. நானோ, பூட்டிய கதவைத் திரும்பப் போய் இழுத்துப் பார்ப்பவன். அப்படிப்பட்ட என் கண்ணைத் தன் கண்ணென்று எடுத்துக்கொண்டு அக்கா போய்விட்டார். நான் கண்டவற்றில் சந்தேகப்பட எனக்கு உரிமை இல்லாதது அந்தப் பூச்சியம் ஒன்று மட்டுமே.