பங்குதாரர் பக்கத்தில் அக்கா

நாலு மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தபோது இஸ்திரி போடுபவர் போன் செய்தார். "சார், அக்கா மடிப்பு மேசையிலேயே சாஞ்சிட்டாங்க. டாக்டர் வந்து பாத்துட்டாரு. போயிட்டாங்க சார்."

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் எங்கள் நிறுவனம் அவள் முதுகில்தான் நடந்தது. கொதிகலன் பக்கத்திலேயே நிற்பதால் ஆட்கள் 'ஆவி அக்கா' என்பார்கள். "ஆவிதான், இன்னும் பேயாகலை. அதுக்குள்ள வேலையைப் பாருங்க" என்பாள்.

படித்தவன் என்று காகித வேலையெல்லாம் என்னிடம். நிறுவனத்தைப் பதிவு செய்தபோது பங்குதாரர் பக்கத்தில் என் பெயரை மட்டும் எழுதினேன். அரசாங்கத் தபாலை வாங்கிக்கொள்ளும் ஆள் யார் என்ற கட்டத்தில் அவள் பெயரைப் போட்டேன்.

ஒருமுறை புதுக் கொதிகலனுக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போனவளிடம், "பங்குதாரர் வந்து கையெழுத்துப் போடணும்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் ஈரக் கையோடு என் மேசைக்கு வந்து நின்றாள்.

"ஏன்டா, உன் கம்பெனிக்கு நான் தபால் பெட்டியா?"

"தப்பா விழுந்திடுச்சுக்கா. மாத்திடலாம்."

மறுநாளே மாற்றப் படிவம் ஒன்றை நிரப்பி நீட்டினேன். நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு படித்தாள்.

"இன்னையிலேர்ந்து பங்குதாரர்னு போட்டிருக்கே. அப்ப இத்தனை வருஷமா இங்க துவைச்சது யாரு, உன் மாமியாரா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எப்படிப் போட்டாலும் ஒண்ணுதான்கா."

"ஒண்ணுதான்னா சரியானதையே போடேன்."

சரியானது வேறு படிவம்: பிழைத் திருத்தம். அது ஏற்கப்பட்டால் முதல் நாளிலிருந்தே அவள் பங்குதாரர். ஆனால் தவறு எது, சரி எது என்பதோடு, தவறு எப்படி நேர்ந்தது என்றும் அதில் எழுத வேண்டும். 'கவனக்குறைவு' என்று எழுதப் போனேன்.

"பொய் எழுதாதே. பால் கணக்கையே ரெண்டு தடவை கூட்டிப் பாக்கிறவன் நீ."

உண்மைதான். நான் எதையும் மறந்துவிடவில்லை. அவள் உழைக்கிறவள், நான் நடத்துகிறவன் என்று நினைத்துத்தான் அப்படி எழுதினேன். அதை அரசாங்கம் படித்தால்கூடப் பரவாயில்லை, அக்கா படிப்பாளே. இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே போனேன். அவளும் அவ்வப்போது, "என்னடா, உன் காகிதத்துல நான் எப்பப் பொறக்கப் போறேன்?" என்று கேட்டுவிட்டு விரிப்பு எண்ணப் போய்விடுவாள்.

அக்காவின் காரியமெல்லாம் முடிந்த பிறகு பதிவு அலுவலகத்துக்குப் போய் விசாரித்தேன்.

"இறந்தவங்களைப் புதுசாச் சேர்க்க முடியாது சார்" என்றார் அங்கிருந்த எழுத்தர். "திருத்தம்னா போடலாம். தப்பு நடந்த அன்னைக்கு அவங்க இருந்தாங்கல்ல?"

இருந்தாள். நான் கணினி முன்னால் உட்கார்ந்திருக்க, எனக்குப் பின்னால் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். "முடிச்சிட்டியாடா?" என்று கேட்டாள். "உன் பேரையும் போட்டாச்சுக்கா" என்றேன். "நல்லா இரு" என்றாள்.

படிவம் என் மேசையில் இருக்கிறது. தவறு எப்படி நேர்ந்தது என்பதற்கு எதிரே 'நான்' என்று எழுதியிருக்கிறேன். அந்த வரி இன்னும் முடியவில்லை.