சிப்பிக்காரர் பேசாமல் நின்ற நேரம்

“மேடம், மைக் செத்துப்போச்சா?”

வாக்கி-டாக்கியில் தங்கராஜ் சாரின் குரல் இரைச்சலோடு வந்தது. நான் மிக்ஸரைப் பார்த்தேன். மூன்றாம் சேனலில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மைக்குக்கு ஒன்றுமில்லை. மேடையில் நின்றவர் பேசாமல் நின்றார்.

பல்கலைக்கழகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தது எலக்ட்ரானிக்ஸ் லேபில் டெக்னீஷியனாக. ஆடிட்டோரியம் கட்டி முடித்ததும், “ஸ்டெல்லா மேடத்துக்கு வயர் பிடிபடும்” என்று சொல்லி சவுண்ட் அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். பட்டமளிப்பு, ஆண்டு விழா, இரங்கல் கூட்டம் என்று எத்தனையோ பார்த்தாயிற்று. இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் பெரிய வித்தை ஒன்றுமில்லை. 2013-ல் எங்கள் சிந்தனை மாநாட்டில் ஒரு மத்தியானம் நடந்ததைச் சொல்கிறேன்.

1. ஆளுக்குப் பதினைந்து நிமிடம்

அந்த மாநாடு தங்கராஜ் சாரின் ஆசை. அவர் இயற்பியல் பேராசிரியர். “படிச்சவன் மட்டும் பேசினா போதுமா? ஒரு காரியம் நல்லாத் தெரிஞ்ச ஆரும் இங்க வந்து பேசலாம்” என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிச் சொல்லி அனுமதி வாங்கினார். ராக்கெட் எரிபொருளைச் சோதிக்கும் ஒரு பொறியாளர், வளைகுடாவில் இருபது வருடம் நர்ஸாக இருந்து திரும்பிய ஒரு பெண், அடிமுறை என்ற தற்காப்புக் கலை விளையாடும் அக்கா தங்கை, ஒரு வில்லுப்பாட்டுக் குழு என்று பட்டியல் நீண்டது. பேச்சோ பாட்டோ, ஆளுக்குப் பதினைந்து நிமிடம். மேடையின் முன்னால் தரையில் ஒரு கடிகாரம், எண்கள் பின்னோக்கி ஓடும்.

பட்டியலில் மரியதாசன் என்று ஒரு பெயர் இருந்தது. குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரர். கடலுக்குள் இருக்கும் பாறைகளில் மூச்சடக்கி முங்கி சிப்பி எடுப்பவர். அவருடைய மகள் ஜெனி எங்களிடம் எம்.ஏ. தமிழ் படித்தாள். பெயரைக் கொடுத்தது அவள்தான். பேச்சை எழுதிக் கொடுத்ததும் அவள்தான்.

2. ஒத்திகை

முந்தின நாள் காலையில் அப்பாவும் மகளும் வந்தார்கள். ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்திருந்தது. கடல் கலங்கிக் கிடந்ததால் அவருக்கு அந்த மாதம் தொழில் இல்லை. வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக, கோயில் திருவிழாவுக்கு வந்தவரைப் போல ஓரமாக நின்றார். காலர் மைக்கைச் சட்டையில் மாட்டிவிட்டேன்.

“டீச்சரே, எனக்க வலது காது அடைஞ்சு போச்சு. ஆழத்துக்குப் போய்ப் போய் கெட்டுப்போனது. நேரம் ஆச்சுன்னு ஆராவது சொல்லணும்னா இடது பக்கம் நின்னு சொல்லச் சொல்லுங்க.”

“கடிகாரம் இருக்கு அண்ணாச்சி. அதைப் பாத்தாப் போதும்.”

பேசத் தொடங்கினார். ‘ஆழ்கடலின் அமைதியில் ஒரு வாழ்வு’ என்பது தலைப்பு. ஜெபம் சொல்வதைப் போல ஒரே ராகத்தில், ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார். ஐந்தாறு வரி போனதும் நிறுத்திவிட்டு, தன் காலடியில் இருந்த மானிட்டர் ஸ்பீக்கரைக் குனிந்து பார்த்தார்.

“இதுக்குள்ள இருந்து நானே எனக்குத் திரும்பப் பேசுகேன், டீச்சரே. இடங்கேடா இருக்கு.”

மானிட்டரை அணைத்தேன். அதற்குப் பிறகு முழுவதையும் சொல்லி முடித்தார். தங்கராஜ் சாருக்குப் பரம திருப்தி. எனக்கு மட்டும் என்னமோ சரியாகப் படவில்லை. ஹெட்ஃபோனில் கேட்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பேசுகிறவரின் நெஞ்சில் காதை வைத்த மாதிரி இருக்கும். ‘இத்தொழிலில் உயிரிழப்புகளும் நேர்வதுண்டு’ என்ற வரி வந்தபோது அவருக்கு மூச்சு இடறியது. வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது கேட்டிருக்காது. நான் கேட்டேன், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை என்பதுபோல எது எப்போது என்று குறித்துவைக்கும் கியூ ஷீட்டில் ‘ஓகே’ என்று எழுதிவிட்டேன்.

3. மூன்றாம் சேனல்

மறுநாள் மத்தியானம் அவருடைய முறை வந்தது. அவருக்காக லைட்காரர் மேடையை முழுக்க நீலமாக்கியிருந்தார். பக்கவாட்டு ஜன்னல்கள் வழியே மலை தெரியவில்லை, மேகம் இறங்கி மூடியிருந்தது. தகரக் கூரையில் மழை ஒரே சீராக விழுந்தது. மதியச் சாப்பாட்டு மயக்கத்தில் இருந்த எழுநூறு பேரும் அந்த நீலத்தில் மிதப்பதுபோல எனக்குத் தோன்றியது. ஜெனி என் அறைக்குள் வந்து, எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள்.

அவர் பேசினார். பாறையின் நிறம், சிப்பி பற்றியிருக்கும் விதம், கம்பியால் நெம்பி வலைப்பையில் போடுவது, எல்லாம் அச்சுத் தமிழில் வந்தது. ‘இத்தொழிலில்’ என்றார். நின்றார்.

கடிகாரம் ஓடியது. பத்து வினாடி. இருபது. முன்வரிசையில் யாரோ இருமினார்கள். அப்போதுதான் வாக்கி-டாக்கி கூப்பிட்டது.

“மைக் லைவ் சார். அவரு பேசல்ல.”

“மறந்துட்டாரு போல. பாவம், நாணக்கேடு ஆகண்டாம். மியூசிக் போடுங்க, லைட்டை இறக்குங்க. வில்லுக்காரங்க ரெடியா நிக்காங்க.”

மாநாட்டுக்கென்று ஒரு முடிவு இசை வைத்திருந்தோம். அது ஏழாம் சேனலில் இருந்தது. விரலை அதன்மேல் வைத்துவிட்டேன். சொன்னதைச் செய்வதுதான் சவுண்ட்காரியின் வேலை. ஜெனி தாளில் அடுத்த வரியை விரலால் காட்டி, “அப்பாக்கு இதை எடுத்துக் கொடுக்க முடியுமா டீச்சர்?” என்று தவித்தாள். அவளை அமைதிப்படுத்த வேறு வழி தெரியாமல், என் ஹெட்ஃபோனைக் கழற்றி அவள் காதில் மாட்டினேன்.

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். முகம் மாறியது.

“இல்ல டீச்சர். அப்பா மறக்கல்ல.” என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “மூச்சு எடுக்காரு. முங்குறதுக்கு முந்தி இப்படித்தான் எடுப்பாரு. போடாதிய டீச்சர்.”

“ஸ்டெல்லா மேடம், மியூசிக்!”

வாக்கி-டாக்கியை மேசையில் கவிழ்த்து வைத்தேன். ஏழாம் சேனலிலிருந்து விரலை எடுத்து, மூன்றாம் சேனலின் சத்தத்தைக் கூட்டும் கெய்ன் திருகை மெதுவாக ஏற்றினேன். இன்னும் கொஞ்சம் ஏற்றினால் ஊளையிடும் என்ற இடம்வரை கொண்டுபோனேன். அரங்கம் முழுக்க அவருடைய மூச்சு நிறைந்தது. நீளமாக உள்ளே போய், அதைவிட நீளமாக வெளியே வந்தது. கூரையில் மழை, கீழே அந்த மூச்சு. இருமல் நின்றுவிட்டது.

பிறகு மரியதாசன் தன் சொந்தப் பேச்சில் பேசத் தொடங்கினார்.

“எனக்க மவ நல்லா எழுதித் தந்தா. ஆனா அந்த வரியை என்னால சொல்ல முடியல்ல. உயிரிழப்புன்னு எழுதியிருக்கா. அவனுக்குப் பேரு சூசை. எனக்க மச்சான். எனக்க பெண்டாட்டிக்க தம்பி.”

ஜெனி தாளை இறக்கிவிட்டு மேடையைப் பார்த்தாள்.

“நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் முங்குனோம். நான் முந்தி மேல வந்தேன். அவன் வரல்ல. திரும்பவும் முங்கினேன். எவ்வளவு நேரம்னு சொன்னா உங்களுக்கு வெளங்காது. இப்பம் நான் முங்கப் போறேன். நீங்களும் எனக்க கூட மூச்சைப் பிடியுங்க. முடியாதவங்க விட்டுருங்க, அதுல ஒண்ணுமில்ல.”

ஒரு மூச்சு இழுத்தார். எழுநூறு பேரும் இழுத்தார்கள்.

அந்த அமைதியை எப்படி எழுதுவதென்று எனக்கு இன்றும் தெரியவில்லை. மிக்ஸரில் ஒரு விளக்கும் அசையவில்லை. மழைகூடத் தள்ளிப்போய்ப் பெய்வதுபோல இருந்தது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த நீலத்தைப் பார்த்திருந்தேன். நாற்காலிகளும் தலைகளும் ஆழத்தில் கிடக்கும் பாறைகளாகத் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் அங்கொருவர் இங்கொருவராக மூச்சை விடத் தொடங்கினார்கள். நான் விட்டேன். ஜெனி விட்டாள். கடைசியில் அவர் ஒருவர்தான் அடக்கி நின்றார். கண்கள் திறந்திருந்தன. யாரையோ தேடுகிறவரின் கண்கள்.

விட்டபோது அவர் குரல் தணிந்திருந்தது.

“இவ்வளவுதான் எனக்கு முடிஞ்சது. பாறை இடுக்குல அவனுக்க கால் மாட்டியிருந்தது. அது எனக்குப் பொறவுதான் தெரிஞ்சது. மேல வள்ளத்துல ஒருத்தன் இருந்து நேரத்தை எண்ணியிருந்தா, அவன் இன்னும் வரல்லன்னு முன்னாலயே சத்தம் போட்டிருப்பான். இப்பம் எங்க ஊர்ல அப்படித்தான். ரெண்டு பேரு முங்குனா மூணாவது ஆள் மேல இருந்து எண்ணணும். அவனுக்கும் பங்கு உண்டு. முதல்ல சிரிச்சானுவ, சும்மா இருக்கவனுக்குப் பங்கான்னு. இப்பம் எண்ணுறதுக்கு ஆளில்லாம ஆரும் இறங்க மாட்டாங்க. நான் சொல்ல வந்த காரியம் இதுதான்.”

கும்பிட்டார். கைதட்டல் உடனே வரவில்லை. வந்தபோது நிற்க நேரமானது. ஜெனி தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மேடைப் படியை நோக்கி ஓடினாள். அவள் அப்பாவின் இடது பக்கம் போய் நின்று என்னமோ சொன்னதும், அவர் அவள் தலையில் கை வைத்ததும் தெரிந்தது. காலர் மைக் இன்னும் அவர் சட்டையில் இருந்தது. மூன்றாம் சேனலை இறக்கிவிட்டேன். அது எங்களுக்கான பேச்சல்ல.

4. வெட்டியது

தங்கராஜ் சார் சாயங்காலம் சவுண்ட் அறைக்கு வந்தார். திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, “வாக்கி-டாக்கியைக் கவுத்து வச்சது தப்பு மேடம். மியூசிக் போடாதது சரி” என்றார். அவ்வளவுதான்.

ஆனால் இரண்டு வாரம் கழித்து வீடியோ தயாரானபோது அந்த அமைதி அதில் இல்லை. பேச்சு நின்ற இடமும், மூச்சடக்கிய நேரமும் வெட்டப்பட்டிருந்தன. “சத்தம் வராம இருந்தா, பாக்கவன் போன் கெட்டுப்போச்சுன்னு நெனப்பான்” என்று எடிட்டிங் பையன்கள் சொன்னார்களாம். நானும் அதற்குமேல் மல்லுக்கு நிற்கவில்லை. அன்றைக்கு மேடையில் காப்பாற்றியதைக் கம்ப்யூட்டரில் விட்டுக்கொடுத்தது எனக்கு இன்றும் உறுத்தல்தான். என் ரெக்கார்டரில் இருந்த முழுப் பதிவை ஜெனிக்குக் கொடுத்தேன். வீட்டில் அம்மாவுக்குப் போட்டுக் காட்டியதாகவும், மாமாவின் பெயர் வந்த இடத்தில் அம்மா நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒரு வாரம் கழித்து மீதியைக் கேட்டதாகவும் சொன்னாள்.

அடுத்த மாநாட்டிலிருந்து கியூ ஷீட்டில் நான் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டேன். லைட், மைக், மியூசிக், அதற்குப் பக்கத்தில் ‘அமைதி’. எடிட்டிங்கிற்கும் அந்தத் தாளின் ஒரு பிரதி போகும். ஒத்திகைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், “எந்த இடத்தில் பேசாமல் இருப்பீர்கள்?” என்று கேட்டு எழுதிக்கொள்வேன். முதலில் பலரும் சிரிப்பார்கள். பிறகு யோசிப்பார்கள். நான் ஓய்வு பெறும்வரை ஒருவர்கூட ‘எங்கேயும் இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போனதில்லை.