இரண்டு கழிகள் வெட்டிக்கொண்ட இடம்

வேலூரில் இலவச விடுதியில் தங்கி எட்டாம் வகுப்பு படித்தபோது எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம். ஒன்றையொன்று வெட்டும் இரு கோடுகளைப் பலகையில் வரைந்து, எதிரெதிர்க் கோணங்களில் எது பெரியது என்று டீச்சரம்மா கேட்டார். கோடு நீளமாக இருக்கும் பக்கம்தான் என்றேன். வகுப்பே சிரித்தது. ஆம்பூரில் என் அம்மா வேலை செய்த தோல் பதனிடும் ஷாப்பில், விரித்துப் போட்டால் அதிக இடம் அடைப்பதுதான் பெரிய தோல். நான் வேறெப்படிச் சொல்வேன்?

"திங்கக்கிழமை மறுபடி கேப்பேன். அப்பவும் தெரியலன்னா பெட்டியக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போய்டு" என்றார் டீச்சரம்மா.

போனால் அம்மாவோடு ஷாப்பில் ஆவாரம்பட்டை இடிக்க வேண்டியதுதான். பெட்டியைக் கட்டிவைத்துவிட்டு, சனிக்கிழமை அழுதுகொண்டே ஆம்பூருக்கு ரயிலேறினேன்.

ஷாப்பு முற்றத்தில் இரண்டு கழிகளைப் பெருக்கல் குறிபோலக் குறுக்காகக் கட்டி நிறுத்தி, மேல் கவட்டையில் நீளக் கொம்பு வைத்துத் தோல் காயப்போடுவார்கள்.

"கொம்பு ஒசரமா இருக்கு, கைக்கு எட்டல. கழிய அகட்டி வையிடி" என்றார் அம்மா.

அகட்டினேன். கீழே கால்கள் என்னைவிட உயரம்; மேலே கவட்டை ஒரு சாண்தான். ஆனால் கீழே விரிந்த அளவே மேலேயும் விரிந்தது. பக்கத்து இடைவெளிகள் அதே அளவு குறுகின. நெருக்கினேன், எல்லாம் பழைய அளவுக்குத் திரும்பின.

ஒரு கழியோடு பார்த்தால், மேல் கவட்டையும் பக்கத்து இடைவெளியும் சேர்ந்து ஒரு நேர்கோடு. மற்றக் கழியோடு பார்த்தால், அதே பக்கத்து இடைவெளியும் கீழ்க் கவட்டையும் சேர்ந்து ஒரு நேர்கோடு. அப்படியென்றால் மேலும் கீழும் ஒன்றாக இருந்தே தீர வேண்டும்!

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் ஷாப்பில் நல்ல தோலை மட்டம் என்று மேஸ்திரி சொன்னால் அது மட்டம்தான். அம்மா வாய் திறக்க மாட்டார். இங்கே எந்த மேஸ்திரியின் பேச்சும் செல்லாது. ஏலகிரி உயரத்துக்குக் கழி நட்டாலும் இதேதான்.

"இன்னாடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? தோல எடு!"

திங்கட்கிழமை டீச்சரம்மா வேண்டுமென்றே ஒரு பக்கத்தை நீட்டி வரைந்தார். இரண்டும் சமம் என்று சொல்லி, காரணத்தையும் சொன்னேன்.

"நான் இல்லன்னு சொன்னா?"

பெரியவர்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாதவள் நான்.

"நீங்க சொன்னாலும் மாறாதும்மா."

யாரும் சிரிக்கவில்லை. டீச்சரம்மா சாக்குக்கட்டியைக் கீழே வைத்தார்.

"போ, கட்டுன பெட்டியப் பிரி."