வேனுக்குள் பேசிய பேச்சு

பிள்ளைகள் பேசுவதைக் கேட்பதும் ஒரு வேலைதான் என்பதை அப்பாவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நான் இப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. என் வகுப்பில் இருபது பிள்ளைகள். காலை பத்து மணிக்கெல்லாம் "சரி, சரி" என்று தலையை மட்டும் ஆட்டத் தொடங்கிவிடுவேன். அப்பா கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டியவர். பதினான்கு பிள்ளைகள், போகவும் வரவும் இரண்டு வேளை, எத்தனையோ வருடம். ஒரு பிள்ளைக்காவது அவர் பதில் சொல்லாமல் விட்டு நான் பார்த்ததில்லை.

நான்காம் ஆண்டு படித்தபோது நானும் அந்த வேனில்தான் தமிழ்ப்பள்ளிக்குப் போய்வந்தேன். ஓட்டுநரின் மகள் என்ற பெருமைக்குக் கிடைத்தது கடைசி இருக்கை. அங்கிருந்து எல்லாம் காதில் விழும். "சிவப்பு விளக்குக்கு நாம நிக்கிறோம். பச்சை விளக்குக்கு யாரு அங்கிள் நிப்பாங்க?" என்று ஒருவன் கேட்பான். "அந்தப் பக்கத்து ஆளுங்க நிக்கிறாங்கய்யா, பாரு" என்று அப்பா கையை நீட்டிக் காட்டுவார். அவன் எட்டிப் பார்த்து, ஆள் நிற்பதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் உட்காருவான்.

முன் இருக்கை முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்திக்கு. பின்னால் உட்கார்ந்தால் வாந்தி எடுப்பாள் என்று கொடுத்த இடம், அவள் அரியணை ஆகிவிட்டது. முன்பல் இரண்டு விழுந்திருந்தது. அதனால் பேச்சு ஒன்றும் குறைந்துவிடவில்லை. பத்துமலைக்குப் போய்வந்த மறுநாள் அவள் கேட்டாள்: "முருகன் வெயில்லயும் மழையிலயும் வெளியவே நிக்கிறாரே அங்கிள், அவங்கம்மா உள்ள கூப்பிட மாட்டாங்களா?" அப்பா வளைவில் வண்டியைத் திருப்பி முடித்துவிட்டு, "கூப்பிட்டிருப்பாங்கம்மா. ஆனா அவரு கோவிச்சுக்கிட்டுப் போன பிள்ளை, சட்டுன்னு வர மாட்டாரு" என்றார். அவளுக்கு அது நியாயமாகப் பட்டது.

மாலையில் தேநீர் குடித்தபடி அப்பா அன்றைய பேச்சுகளை அம்மாவுக்குச் சொல்வார். எங்கள் வீட்டுத் தொடர்நாடகம் அதுதான். "ஒரு பிள்ளை என்னா சொன்னுச்சு தெரியுமா?" என்றுதான் ஆரம்பிப்பார். பெயர் வராது, எந்தத் தாமான், எந்தக் குடியிருப்பு என்றும் வராது. அம்மா எப்படித் துருவினாலும் அந்த வாய் திறக்காது. பெயரைச் சொன்னால்தானே சுவை என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒருநாள் வேனில், தேர்ச்சி அறிக்கை வாங்க யார் வீட்டிலிருந்து யார் வருவார்கள் என்று பேச்சு ஓடியது. உன் அப்பா வருவாரா என்று யாரோ முன் இருக்கைக்காரியைக் கேட்டார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். "எங்கப்பா சாமி மாதிரி. கண்ணுக்குத் தெரிய மாட்டாரு. ஆனா இருக்காருன்னு அம்மா சொல்வாங்க."

வேனே குலுங்கியது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "ஒங்கம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை ஓட்டினார்.

அன்று மாலை இதைத்தான் சொல்லப்போகிறார் என்று அடுப்படியில் காத்திருந்தேன். அவரோ எவனோ ஒருவன் காலணியை மாற்றிப் போட்ட கதையைச் சொல்லி முடித்துக்கொண்டார். கையில் தங்கத்தை வைத்துக்கொண்டு பித்தளையைக் காட்டுகிறாரே என்று இருந்தது.

சரி, நாமே காட்டுவோம் என்று தீர்மானித்தேன். அந்த வாரம் பக்கத்து வீட்டில் தீபாவளி ஓப்பன் ஹவுஸ், வந்தவருக்கெல்லாம் விருந்து. ஆண்கள் வெளியே கூடாரத்தில், பெண்கள் உள்ளே. முறுக்குத் தட்டைச் சுற்றியிருந்த ஆன்டிகள் நடுவில் நின்று, அவளைப் போலவே பல்லில்லாத வாயோடு பேசிக் காட்டினேன். சிரிப்பு கூரையைத் தொட்டது. "யாரு லா அந்தப் பிள்ளை?" என்று ஓர் ஆன்டி கேட்க, அப்பாவுக்குத் தெரியாத சூட்சுமம் எனக்குத் தெரியும் என்ற மிதப்பில் பெயர், பிளாட்டு, மாடி எல்லாம் சொன்னேன். அந்த ஆன்டி கையுறை ஆலையில் அந்தப் பிள்ளையின் அம்மாவோடு ஒரே வரிசையில் வேலை செய்பவர்.

திங்கட்கிழமை காலை அவள் அம்மா ஆலைச் சீருடையோடு கீழே வந்து வேனுக்குப் பக்கத்தில் நின்றார். வேலை முடிந்து அவர் வரும்வரை பிள்ளையைப் பள்ளிக்கும் பராமரிப்பாளர் வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அப்பாதான். அந்த அம்மாவுக்கு வேறு ஆள் இல்லை.

"அண்ணே, பிள்ளைங்க வேன்ல பேசறதெல்லாம் வெளிய போகுமா?" குரலை உயர்த்தவே இல்லை. "ஃபேக்டரில எல்லாரும் சாமி நல்லா இருக்காரான்னு கேக்கறாங்கண்ணே. ஒங்க வீட்டுலேர்ந்து வந்த பேச்சுன்னு சொல்றாங்க. ஒங்கள நம்பித்தானே ஏத்தி விடறேன்."

அப்பா கண்ணாடியில் ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு இன்ஜினை நிறுத்தினார். காலை நேரத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. கீழே இறங்கி நின்று, "நான்தாம்மா. ஓப்பன் ஹவுஸ்ல வாய் தவறிச் சொல்லிட்டேன். ரொம்பத் தப்பு. இனிமே நடக்காது" என்றார்.

அந்த அம்மா பிள்ளையின் புத்தகப்பையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். வேறு வேன் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்பது எனக்கே புரிந்தது. அதற்குள் அவள் ஏறி உட்கார்ந்து, இருக்கை வாரையும் மாட்டிக்கொண்டு, "அம்மா, அங்கிள்தான் சாரி சொல்லிட்டாருல்ல, பையைக் குடுங்க. லேட்டாவுது" என்றாள். அவர் மகளைப் பார்த்தார். பையை அவள் மடியில் வைத்தார். "பாத்துக்கங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

எனக்கோ பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அத்தனை ஆன்டிகளையும் சிரிக்க வைத்தது நான். அந்த நேரத்தில் அப்பா வெளியே கூடாரத்தில் தோசை தின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசாத மனுஷன், எல்லாம் தான்தான் என்று எப்படிக் கூசாமல் சொல்லலாம்?

பள்ளி முடியும்வரை அடக்கிவைத்திருந்து, மாலை தேநீர் வந்ததும் கேட்டுவிட்டேன். "அது நான் சொன்னது. நீங்க ஏம்பா நீங்க சொன்னதா சொன்னீங்க?"

அப்பாவுக்குப் புரையேறியது. கண்ணில் நீர் வரச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. என்னை ஏதோ சொல்ல வாயெடுத்தார், அப்பா கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"தப்புதாம்மா" என்றார் என்னிடம். "ஒன் பேச்ச நான் எடுத்துக்கிட்டேன். மன்னிச்சிரு."

பெரியவர் இறங்கி வந்து கேட்கும்போது முறுக்கிக்கொண்டு நிற்பது அழகல்ல என்று, நானும் போனால் போகிறதென்று மன்னித்துவிட்டேன்.